முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 - ஜூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற தொடக்ககால இந்தியப் பெண்களுள் ஒருவர். சென்னை மாகாண சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினரும் துணைத் தலைவரும் ஆவார். தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடியவர் என்றே பெரும்பாலும் அறியப்படுகிறார். சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தவரும் இவரே. அம்மருத்துவமனைக்கு வித்திட்டது இவருடைய குடும்பத்தில் காலம் கடந்து கண்டறியப்பட்ட ஒரு மலக்குடல் புற்றுநோய் ஆகும்.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். இத்திருமணத்தின் காரணமாகத் தந்தை தம் உறவினர்களால் ஒதுக்கி வைக்கப்பட்டார். தாயின் குலத்துப் பெண்களின் வாழ்வை அருகிலிருந்து கண்ட அனுபவம் பிற்காலத்தில் இவருடைய சட்டமன்றப் பணிக்கு அடிப்படையாயிற்று. இவருடைய தங்கையருள் ஒருவரான நல்லமுத்து இராமமூர்த்தி பின்னாளில் சென்னை இராணி மேரிக் கல்லூரியின் முதல்வரானார்.

பெண்கள் பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலிருந்தே பாடம் பயின்று மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். பின்னர் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆண்கள் மட்டுமே பயிலும் கல்லூரியில் ஒரு பெண் அமர்வது மாணவர்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று சிலர் வாதிட்டனர். தாயின் குலமும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இவ்வெதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது அனுமதி அளித்ததோடு உதவித்தொகையும் வழங்கினார். இதனால் அக்கல்லூரியில் பயின்ற முதல் மாணவி என்னும் பெருமை முத்துலட்சுமிக்குக் கிடைத்தது.

மருத்துவக் கல்வி

1907ஆம் ஆண்டில் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அறுவை மருத்துவ வகுப்பில் பெண்கள் அமர்வதை விரும்பாத பேராசிரியர் ஒருவர், தேர்வில் இவர் முதன்மையான மதிப்பெண் பெற்ற பின்னரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பர். பதக்கங்கள் பலவற்றுடன் 1912இல் பட்டம் பெற்றார். பின்னர் எழும்பூரில் இருந்த அரசு மகப்பேறு மற்றும் கண் மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணியாற்றினார். அப்பணியில் அமர்ந்த முதல் பெண் இவரே.

1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமானவராக மதிக்க வேண்டும், தம் விருப்பப் பணிகளுக்குத் தடை விதிக்கக் கூடாது என்ற உடன்பாட்டின் பேரிலேயே திருமணத்திற்கு இசைந்தார். திருமணம் 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடந்தது. இவர்களுக்கு இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மகன்கள். இளையவரான கிருஷ்ணமூர்த்தி (1919 - 2010) பிற்காலத்தில் புற்றுநோய் அறுவை மருத்துவராகித் தாயின் கனவை நிறைவேற்றினார்.

தங்கையின் மரணம்

1923இல் முத்துலட்சுமியின் தங்கையருள் ஒருவர் இளம் வயதிலேயே மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். நோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. தமக்கை மருத்துவர், தமக்கையின் கணவரும் மருத்துவர், வசிப்பதோ மாகாணத்தின் தலைநகரம். இத்தகைய குடும்பத்திலேயே இவ்வாறு நேர்ந்தது என்பதை எண்ணினால் அக்காலத்துச் சாதாரணக் குடும்பங்களின் நிலையை ஊகிக்கலாம்.

இப்பிழை நேர்ந்த விதத்தைப் புரிந்துகொள்ள அக்கால மருத்துவத்தைச் சற்று நோக்க வேண்டும். மலத்துடன் இரத்தமும் சளியும் வெளியேறுதல், வயிற்றுக் கடுப்பு, மலம் கழித்த பின்னும் கழிக்க வேண்டும் போன்ற உணர்வு, உடல் மெலிதல் ஆகியவை சீதபேதியின் அறிகுறிகள். மலக்குடல் புற்றுநோயின் அறிகுறிகளும் ஏறத்தாழ இவையே. வெப்ப நாடுகளில் சீதபேதி அன்றாட நோய். கல்கத்தாவில் பணியாற்றிய லெனார்டு ரோஜர்சு 1912இல் அமீபா சீதபேதிக்கு எமெட்டின் ஊசி மருந்தின் பயனை நிறுவிய பின்னர் அந்நோய்க்கு நம்பத்தகுந்த மருந்தும் கிடைத்துவிட்டது. எனவே இரத்தம் கலந்த மலம் என்றவுடன் மருத்துவரின் மனம் முதலில் அந்நோயையே நாடியது. அத்துடன், புற்றுநோய் முதியோருக்கு மட்டுமே வரும் என்ற எண்ணமும் இளம்பெண் ஒருவருக்கு அதனை ஐயுறத் தடையாக இருந்தது.

கண்டறியும் வழிகள் அக்காலத்தில் அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் தோன்றும் கட்டிகளை மருத்துவர் கையுறை அணிந்த விரலால் தடவியே உணர முடியும். மேலும், விளக்கு பொருத்தப்பட்ட வளையாத உலோகக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. ஆனால் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலில் அக்குழாய் கடைசி 25 சென்டிமீட்டர் வரையே எட்டும். அதற்கு அப்பால் உள்ளவற்றைப் பேரியக் கரைசலைச் செலுத்தி எடுக்கும் ஊடுகதிர்ப் படத்தின் நிழலைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருந்தது. இவற்றுள் மிக எளிதான விரல் சோதனையே பெரும்பாலும் விடுபட்டது. நோயாளியின் கூச்சம், அதிலும் பெண் நோயாளியின் கூச்சம், மருத்துவரின் தயக்கம் ஆகிய இரண்டும் அதற்குக் காரணங்கள்.

அறுவை மருத்துவமோ அதற்குள் ஓரளவு வளர்ந்திருந்தது. மலக்குடலை வயிற்றின் வழியாகவும் கீழ்வழியாகவும் அகற்றும் அறுவையை இலண்டனில் எர்னெஸ்டு மைல்சு 1908இல் வெளியிட்டிருந்தார். அந்த அறுவை பயன்தர வேண்டுமானால் நோய் பரவும் முன்னர் கண்டறியப்பட வேண்டும். முத்துலட்சுமி இம்மரணத்திலிருந்து கண்டுகொண்டதும் அதுவே. புற்றுநோய்க்கெனத் தனியாகப் பயின்ற மருத்துவர்களும் தனி மருத்துவமனையும் இல்லாதவரை இந்நோய் வேறு பெயர்களில் மறைந்தே இருக்கும் என்று அவர் கருதினார்.

இலண்டன் பயணமும் சட்டமன்றப் பணியும்

1925இல் அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்ற முத்துலட்சுமி, இலண்டன் செல்சி மகளிர் மருத்துவமனையில் பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றார். இலண்டனில் 1851 முதலே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை இயங்கிவந்தது. சென்னையிலோ அத்தகையது எதுவும் இல்லை. 1926இல் பாரிசில் நடைபெற்ற பன்னாட்டு மகளிர் மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்துகொண்டார்.

நாடு திரும்பியதும் இந்திய மாதர் சங்கத்தின் வற்புறுத்தலால் சென்னை சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். அவை அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. உலகில் சட்டமன்றம் ஒன்றின் துணைத் தலைவராகப் பெண் ஒருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை என்பர். நன்றாக நடந்துவந்த மருத்துவத் தொழிலை இதனால் குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை 1927இல் கொண்டுவந்தார். எஸ். சத்தியமூர்த்தி உள்ளிட்ட சிலர் மரபின் பெயரால் இதனை எதிர்த்தனர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஆதரித்தனர். 1929இல் இயற்றப்பட்ட சட்டத் திருத்தம், கோயில் ஊழியத்திற்கு ஈடாகத் தேவதாசியர் அனுபவித்துவந்த மானிய நிலங்களை ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. இடையில், உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் மேலவைப் பதவியைத் துறந்தார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியர்க்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டதைக் கண்டு, 1930களின் தொடக்கத்தில் தம் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து பின்னர் அடையாற்றுக்கு இடம்பெயர்ந்தது.

புற்றுநோய் மருத்துவமனைக்கான முயற்சி

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. தங்கை இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்விழாவில் பேசிய முத்துலட்சுமி, சென்னையில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்க வேண்டும் என்ற தம் எண்ணத்தை முதன்முறையாகப் பொதுவில் அறிவித்தார். முந்தைய ஆண்டில்தான் சென்னை அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டிருந்தது. கதிர் மருத்துவத்திற்கு அந்நிலையம் உதவியது. எனினும், நோயைக் கண்டறிதல் முதல் அறுவை, கதிர் மருத்துவம், தொடர் கண்காணிப்பு வரை அனைத்தும் ஓரிடத்தில் கிடைக்கும் மருத்துவமனையை அவர் விரும்பினார். பம்பாயில் அத்தகைய டாட்டா நினைவு மருத்துவமனை 1941இல் தோன்றியது.

அரசின் ஆதரவு எளிதில் கிட்டவில்லை. புற்றுநோயாளிகள் எவ்வாறாயினும் இறப்பவர்கள், அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்பதே பொறுப்பில் இருந்தோரின் எண்ணமாக இருந்தது. இவ்வாதம் ஒரு சுழல் ஆகும். நோய் முற்றிய பின்னரே கண்டறியப்பட்டதால் நோயாளிகள் இறந்தனர். அவர்கள் இறந்ததால், கண்டறிவதற்கான ஏற்பாடு வீண் என்று கருதப்பட்டது. தங்கையின் நோயை நேரில் கண்டிருந்த முத்துலட்சுமிக்கு இதன் முதற்பகுதியே முதன்மையாகத் தெரிந்தது.

1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அன்றைய தமிழகத்தில் புற்றுநோய் மருத்துவம் இருந்த நிலைக்கு அதே ஆண்டில் திருவண்ணாமலையில் நிகழ்ந்ததை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு வாழ்ந்த இரமண மகரிசியின் இடது முழங்கைக்கருகே தோன்றிய சிறு கட்டி பிப்ரவரி மாதத்தில் அகற்றப்பட்டது. அது விரைவில் மீண்டும் வளர்ந்தது. அதன் பின்னரே சார்க்கோமா என்னும் புற்றுநோய் எனத் தெரியவந்தது. சென்னையிலிருந்து அறுவை மருத்துவர்கள் அக்கோயில் நகருக்கு வந்து மார்ச், ஆகஸ்டு, டிசம்பர் மாதங்களில் மேலும் மூன்று முறை அறுவை செய்தனர். ரேடிய மருத்துவமும் அளிக்கப்பட்டது. கையை அகற்றும் யோசனையை மகரிசி ஏற்கவில்லை. சித்த, ஆயுர்வேத, ஓமியோபதி மருந்துகளும் முயலப்பட்டன. அவர் 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். நாடறிந்த ஒருவருக்காகச் சென்னை மருத்துவர்கள் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் பயணம் செய்து ஆசிரமத்திற்கே வந்தனர். அதே மாவட்டத்து உழவர் ஒருவருக்கு இத்தகைய நோய் வந்தால் அவர் செல்வதற்குப் புற்றுநோய்க்கென ஒரு முகவரி அப்போது சென்னையிலும் இல்லை.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை

நிதி சிறிது சிறிதாகத் திரட்டப்பட்டது. 1952 அக்டோபர் 10 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. அப்போது முத்துலட்சுமியின் வயது 67. தங்கை இறந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன.

வெளிநாட்டில் புற்றுநோய் அறுவை மருத்துவம் பயின்று வந்த மகன் கிருஷ்ணமூர்த்தி இம்மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். 1955 ஏப்ரலில் இளம் மருத்துவர் வி. சாந்தா இணைந்தார். எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் கிடைத்த அரசுப் பணியை விட்டுவிட்டு, ஊதியத்திற்கே உறுதியில்லாத ஒரு சிறு மருத்துவமனைக்கு அவர் வந்தது அன்று பலருக்கு வியப்பளித்தது. சாந்தா 2021 ஜனவரி 19 அன்று மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். 2005இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. கோபால்ட்-60 கதிர் மருத்துவக் கருவி இந்தியாவில் முதன்முதலாக 1950களின் பிற்பகுதியில் இம்மருத்துவமனையில்தான் நிறுவப்பட்டது. முத்துலட்சுமியின் வாழ்நாளிலேயே மருத்துவமனை தென்னிந்தியா முழுவதிலிருந்தும் நோயாளிகள் நாடிவரும் இடமாயிற்று.

இறுதிக் காலம்

1954இல் மாநில சமூக நல ஆலோசனை வாரியத்தின் முதல் தலைவரானார். 1956இல் இந்திய அரசு பத்ம பூசண் விருது வழங்கியது. 1968 ஜூலை 22 அன்று சென்னையில் காலமானார். தமிழக அரசு கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்திற்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. இவருடைய பிறந்தநாளான ஜூலை 30 அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படும் என 2019இல் அறிவிக்கப்பட்டது.

அவருக்குப் பின் குடல்நோய் கண்டறிதல்

அடையாறு மருத்துவமனை தொடங்கப்பட்ட அதே 1954ஆம் ஆண்டின் ஜனவரியில், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹரால்டு ஹாப்கின்சும் இலண்டனிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகச் சேர்த்தால், அது வளைந்தாலும் ஒரு முனையில் உள்ள உருவத்தை மறுமுனைக்குக் கடத்தும் என்பதை அது காட்டியது. வளையாத உலோகக் குழாய்க்கு எட்டாத குடல் வளைவுகளைக் காண இதுவே வழி திறந்தது. 1957இல் அமெரிக்காவில் பேசில் ஹிர்சோவிட்சு இம்முறையில் இரைப்பையைக் காணும் கருவியை உருவாக்கினார். 1960களின் இறுதியில் பெருங்குடல் முழுவதையும் காணும் கருவிகள் வந்தன. 1969இல், முத்துலட்சுமி மறைந்த மறு ஆண்டில், நியூயார்க்கில் உல்ஃபும் சின்யாவும் அக்கருவியின் வழியே கம்பிச் சுருக்கைச் செலுத்திக் குடலின் உட்சுவரில் இருந்த சிறு கழலைகளை வயிற்றைத் திறக்காமலேயே அறுத்தெடுத்தனர்.

இதன் சிறப்பு மருத்துவர் உள்ளே பார்க்க முடிந்தது என்பதோடு நிற்கவில்லை. பெருங்குடல் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை இத்தகைய கழலைகளிலிருந்தே, பல ஆண்டுகள் கழித்து உருவாகின்றன. எனவே கொலனோஸ்கோப்பி எனப்படும் இச்சோதனை நோயைக் கண்டறிவதோடு, தோன்றவிருக்கும் நோயைத் தடுக்கவும் செய்கிறது. அழற்சி, காசநோய், அமீபாப் புண், புற்று ஆகியவற்றைத் திசு எடுத்துப் பிரித்தறியவும் முடிகிறது. சீதபேதியையும் புற்றுநோயையும் அறிகுறிகளைக் கொண்டு மட்டும் பிரிக்க வேண்டிய தேவை இதனால் நீங்கியது.

பின்னர் கண்ணாடி இழைக்குப் பதிலாகக் கருவியின் முனையிலேயே சிறு ஒளிப்படக் கருவி பொருத்தப்பட்டது. விழுங்கினால் குடலைப் படம் எடுத்துக்கொண்டே செல்லும் மாத்திரை வடிவக் கருவி 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மலத்தில் கலந்துள்ள, கண்ணுக்குப் புலப்படாத மனித இரத்தத்தை எதிர்ப்பொருள் கொண்டு கண்டறியும் எளிய சோதனையும், புற்றுக்குரிய மரபணு மாற்றங்களைத் தேடும் சோதனையும் வந்துள்ளன. திரையில் மருத்துவரின் கண்ணுக்குத் தப்பும் கழலைகளைச் சுட்டிக்காட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு 2021இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இளம் வயதினரிடையே நோய் பெருகுவதைக் கருதி, அறிகுறி இல்லாதவர்களுக்கும் சோதனை தொடங்க வேண்டிய வயதை அந்நாட்டு வல்லுநர் குழு அதே ஆண்டில் 50லிருந்து 45ஆகக் குறைத்தது.

இந்தியாவில் மலக்குடல் புற்றுநோய் ஐம்பது வயதுக்குக் குறைந்தோரிடமும் கணிசமாகக் காணப்படுகிறது. இரத்தம் கலந்த மலத்தை மூலம் என்றோ சீதபேதி என்றோ எண்ணிப் பல மாதங்கள் மருந்து உண்டபின் மருத்துவமனைக்கு வருவோர் இன்றும் உளர். திருவண்ணாமலையில் 2013இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இந்திய அரசு 2016இல் வெளியிட்ட புற்றுநோய்ப் பரிசோதனை வழிகாட்டுதல், 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கான பரிசோதனையை வகுத்தது. குடல் புற்றுநோய் அதில் இடம்பெறவில்லை.